உள்ளங்கையால் தொட்ட விவகாரம்

என் மேல் வந்த புகாரை எனக்கே அனுப்பியிருந்தார்கள். நடைமுறை அதுதான். ஆலையில் மின்வேலை தொடர்பான அபாயப் புகார் எதுவானாலும் பாதுகாப்பு அதிகாரியிடம் வர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி நான்.

புகார் இரண்டே வரி. 'பாதுகாப்பு அதிகாரி பேனல் அறையில் பஸ்பாரை உள்ளங்கையால் தொட்டார். இவரால் மற்றவர்கள் உயிருக்கு ஆபத்து.' கீழே ஃபோர்மேனின் கையெழுத்து. ஃபோர்மேன் என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன்.

படித்தேன். 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினேன். மை சரியாகப் பதியவில்லை. இன்னொரு முறை குத்தினேன்.

வெளியாட்களுக்கு இந்தப் புகாரின் கனம் புரியாது. பஸ்பார் என்பது பேனல் என்கிற மின்பெட்டிக்குள் ஓடும் தடித்த செம்புப் பட்டை. ஆலைக்கு வரும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் பிரிந்து போகிறது. அதில் வேலை என்றால் மெயினை நிறுத்துவோம். வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுவோம். சாவி வேலை செய்பவன் சட்டைப் பையில் இருக்கும். அப்புறம் டெஸ்டர். முதலில் அதை மின்சாரம் ஓடும் வேறொரு லைனில் வைத்து, டெஸ்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பஸ்பாரில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் அதிலுள்ள விளக்கு எரியாது. அதை உடனே நம்பக் கூடாது. இடையில் டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம். அதனால் திரும்பவும் மின்சாரம் ஓடும் லைனில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் இதை வாய்விட்டுச் சொல்வார்கள். இருக்கு. இல்ல. இருக்கு. மூன்றும் காதில் விழுந்த பிறகுதான் கை வைக்கலாம்.

அதுவும் முதலில் புறங்கையால். மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் உள்ளே மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் பிடித்ததை விட முடியாது. புறங்கையால் தொட்டவன் கை தானாக விலகிவிடும். எங்கள் விதிப் புத்தகத்தில் இது இல்லை. வயர்மேன்களின் பழக்கம். நாளாக ஆக, கை அப்படியே ஆகிவிடும். கதவுக் கைப்பிடி, டீ டம்ளர், குழந்தையின் கன்னம், எதுவானாலும் எங்கள் ஆட்கள் முதலில் புறங்கையால்தான் தொடுவார்கள். இப்போதைய மேனேஜர் பதவி ஏற்ற அன்று கை நீட்டியபோது, ஒரு வயர்மேன் அவர் விரல்களைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குலுக்கினான். மேனேஜர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

நான் தொட்ட பஸ்பார் செத்திருந்தது, அதாவது அதில் மின்சாரம் இல்லை. மூன்று முறையும் பார்த்தேன். ஆனால் வைத்தது உள்ளங்கையை. வைத்த கையை எடுக்கவும் இல்லை. ஃபோர்மேனும் வயர்மேன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விதிப்படி இனி அபாய மதிப்பீடு. ஆபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். நடந்தால் எவ்வளவு சேதம் என்பதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்க வேண்டும். பதினைந்துக்கு மேல் போனால் வேலையை நிறுத்த வேண்டும். என் விஷயத்தில், பேனல் அறைக்குள் போகும் சிவப்பு அட்டையைப் பிடுங்கிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. மாடியில் இரண்டு அறை. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. வாசல் சுவிட்ச் போர்டில் ஐந்து சுவிட்ச். நான்கு வேலை செய்யும். ஐந்தாவது எதற்கு என்று தெரியாது. குடிவந்த நாளிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "கரண்டு படிச்சவர்தானே, ஒரு சுவிட்சு எதுக்குன்னு தெரியாதா?" ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்பேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் அதையும் சேர்த்து அணைத்துவிட்டுத்தான் வருவாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கேட்பாள். "நம்ம கல்யாணத்துக்கு எத்தனை?"

"பன்னெண்டு. கண்காணிப்பு தேவை."

"போங்க, நீங்களும் உங்க மார்க்கும்."

பலரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். அவள் சாவுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையைக் காட்டினார். பச்சைக் கோடு நேராக ஓடியது. "சாரி" என்றார்.

"மெஷினை செக் பண்ணீங்களா?" என்றேன்.

"என்ன?"

"உயிரோட இருக்கிற ஒருத்தர் மேல இதை வெச்சுப் பார்த்தீங்களா?"

டாக்டர் சின்னப் பையன் போலத்தான் இருந்தார். தூங்கி இரண்டு நாள் ஆன முகம். அவர் வாய் திறப்பதற்குள் மச்சான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் படுத்துவிட்டார். அவருக்கு முறை தெரியும். நர்ஸ் வயர்களை அவர் நெஞ்சில் ஒட்டினாள். கோடு குதித்தது. இருக்கு. திரும்ப அவளுக்கு ஒட்டினாள். நேர்க்கோடு. இல்ல.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை அவருக்கு வைங்க."

மச்சான் திரும்பவும் படுத்தார். அழுதுகொண்டிருந்ததால் கோடு தாறுமாறாகக் குதித்தது. ஆனாலும் இருந்தது. மூன்றும் சரி. நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் நெற்றியைத் தொட்டேன். புறங்கையால்.

அது நடந்து ஐந்து மாதம் கழித்து வந்ததுதான் இந்தப் புகார். இடையில் மச்சான் பலமுறை வீட்டுக்கு வந்தார். "நாலு நாள் இங்கயே தங்கட்டுமா மாப்ள?" என்பார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

*

பாதுகாப்புக் குழு, வாங்க வருபவர்களுக்குச் சரக்கைக் காட்டும் மாதிரி அறையில் கூடியது. கூட்ட அறையில் வெள்ளையடிப்பு. எங்கள் ஆலையில் செய்வது மெத்தை. மாதிரி அறையில் நாற்காலி கிடையாது, மெத்தைகள்தான். மேனேஜர், எச்.ஆர். மேடம், ஸ்டோர் கீப்பர், ஃபோர்மேன், நான், ஐந்து பேரும் ஆளுக்கொரு மெத்தையில் உட்கார்ந்தோம். மேனேஜருக்குக் கிடைத்தது எங்கள் ஆலையின் உயர்ந்த ரகம். உட்கார்ந்த மாத்திரத்தில் இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். கால் தரையில் எட்டவில்லை.

"ஆரம்பிக்கலாம்" என்றார், முழங்கால்களுக்கு நடுவிலிருந்து.

நான் படிவத்தை எடுத்தேன்.

"நீங்களா எழுதப் போறீங்க?" என்றார் எச்.ஆர். மேடம். "உங்களைப் பத்தித்தானே கூட்டமே?"

"பயிற்சி எடுத்தவங்கதான் இதை நிரப்பலாம் மேடம். எனக்கு மட்டும்தான் பயிற்சி குடுத்திருக்கீங்க."

"ரெண்டு பேரை அனுப்பலாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் எல்லாவற்றையும் அப்போதே சொன்னவர்.

"முதல் கேள்வி. அபாயம் எது?" என்று படித்தேன். "நான்னு எழுதிக்கிறேன்."

"நான்னு எழுதினா படிக்கிறவங்க யார்னு நினைப்பாங்க?" என்றார் மேனேஜர். "ஒரு நபர்னு போடுங்க."

போட்டேன். "யாருக்குப் பாதிப்பு?"

எல்லோரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டத்தில் அவர் என்னை சார் என்று கூப்பிடுவார். அது எங்களுக்குள் ஏற்பாடு.

"நேத்து ரெண்டு வயர்மேனுங்க கையுறை போடாம பேனல் ரூமுக்குள்ள நின்னானுங்க. ஏண்டான்னு கேட்டா, சேஃப்டி சாரே வெறும் உள்ளங்கையை வெக்கிறாரு, நமக்கென்னன்னு சிரிக்கிறானுங்க. இவரு நிக்கிற இடத்துல பயம் போயிடுது சார். பேனல் ரூம்ல பயம்தான் சார் எங்களுக்குச் சோறு போடுது. பயம் போச்சுன்னா ஆளும் போச்சு."

"வேலியே பயிரை மேயுது" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"சேதம் அஞ்சு" என்றேன். "உயிர்ச் சேதம். வாய்ப்பு எத்தனை போடலாம்?"

"மூணு போடுங்க" என்றார் மேனேஜர். அவருக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். மூன்று போட்டால் பதினைந்து. அட்டை தப்பும்.

"நாலு" என்றார் ஃபோர்மேன். நான்கு போட்டால் இருபது.

"மச்சினனுக்கு மச்சினன் குழி தோண்டுறதைப் பார்த்திருக்கேன். இவ்வளவு மரியாதையா சார் போட்டுத் தோண்டி இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"கேட்டே விடுவோம்" என்றார் மேனேஜர். "ஏன் சார் உள்ளங்கையை வெச்சீங்க?"

"சூடா இருந்துச்சு."

"எது?"

"செம்பு. லோடு ஓடி அப்பத்தான் நிறுத்தினது. செத்துடுச்சு. ஆனா சூடு இன்னும் போகல."

மேனேஜரின் மெத்தை மட்டும் காற்றை விட்டது.

ஃபோர்மேன் 'சார்' போடுவதை மறந்தார்.

"அன்னைக்கு என் தங்கச்சியைப் புறங்கையால தொட்ட. இன்னைக்கு பஸ்பாரை உள்ளங்கையால தடவுற. எது இருக்கு, எது இல்லைன்னே உனக்குத் தெரியல மாப்ள. இப்ப சொல்லு, மூணா நாலா?"

எச்.ஆர். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர், "இதை எப்படி எழுதுறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நபர் வெப்பநிலையைச் சோதித்தார்னு எழுதலாம் சார்" என்றேன். எழுதினேன்.

வாய்ப்பு நான்கு. மொத்தம் இருபது. ஆனால் அதோடு முடியாது. அபாயத்தைக் குறைக்க வழி உண்டா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் வழி, அபாயத்தை அடியோடு நீக்குவது.

"அதாவது வேலையை விட்டுத் தூக்கிறதா?" என்றார் எச்.ஆர். மேடம். "அதுக்கு மூணு நோட்டீஸ் குடுக்கணும். இந்த மாசம் முடியாது."

"ரெண்டாவது வழி, மாற்று. ஆபத்தான பொருளுக்குப் பதிலா ஆபத்தில்லாத ஒண்ணை வைக்கிறது."

மேடம் முன்னால் சாய முயன்றார். மெத்தை விடவில்லை. "நான் தப்பா சொல்றேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கு வயசு முப்பத்திரண்டுதான் ஆகுது. என் ஒண்ணுவிட்ட சித்தி பொண்ணு ஒருத்தி..."

"மேடம், இவரு சம்சாரத்தோட அண்ணன் நான் இங்கதான் உக்கார்ந்திருக்கேன்" என்றார் ஃபோர்மேன்.

"அய்யோ, நான் படிவத்துல இருக்கிறதைத்தான்..."

"மாற்று பொருந்தாது" என்று எழுதினேன். "மூணாவது, தடுப்பு."

"கம்பி வலை போடலாம்" என்றார் ஸ்டோர் கீப்பர். "ஸ்டோர்ல சும்மா கிடக்குது. இவரைச் சுத்தி வட்டமா அடிச்சிட்டா வயர்மேனுங்க கிட்ட வர முடியாது."

"உள்ள நான் எப்படி நடப்பேன்?"

"அடியில சக்கரம் வெச்சுக்கலாம்."

அதைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே விவாதித்தார்கள். சக்கரத்துக்குத் தனி மதிப்பீடு வேண்டும் என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். நான்காவது வழி, பயிற்சி. உள்ளங்கையால் தொடக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி எனக்குப் பாடம் எடுக்க வேண்டும். ஐந்தாவது, கையுறை. கையுறை ஏற்கெனவே என் பையில்தான் இருந்தது.

"இதெல்லாம் கிடக்கட்டும்" என்றார் ஸ்டோர் கீப்பர். "இவருக்குப் பயம் இருக்கா இல்லையான்னு ஃபோர்மேன் சொல்றதை வெச்சு முடிவு பண்ணா எப்படி? சோதிச்சுப் பார்த்துட்டு மார்க் போடுங்க. கேன்டீன்ல ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிட்டு வரேன். பின்னாடி நின்னு போடுறேன். ஆளுக்கு உடம்பு தூக்கிப் போட்டா பயம் இருக்குன்னு அர்த்தம்."

மேனேஜர் சம்மதித்தார். ஸ்டோர் கீப்பர் போய்த் தட்டோடு வந்து, என் பின்னால் நின்று, ஓங்கிப் போட்டார். தட்டு மெத்தையில் விழுந்தது. பொத் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு முறை போட்டார். எங்கள் மெத்தையைப் பற்றி விளம்பரத்தில் சொல்வது அத்தனையும் உண்மை.

வராந்தாவுக்குப் போனோம். மேனேஜரை இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"நில்லுங்க" என்றேன். "தட்டு சரியா வேலை செய்யுதான்னு முதல்ல பார்க்கணும். பயம் இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச ஆள்கிட்ட வைக்கணும். அப்புறம் என்கிட்ட. அப்புறம் திரும்ப அந்த ஆள்கிட்ட."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "மறுபடியும் நானா?"

"கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல ஏறினது நீங்கதானே?"

அவர் சுவரைப் பார்த்து நின்றார். தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஒரு முழம் எகிறினார். இருக்கு.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் தீயணைப்புக் கருவியின் அட்டவணை இருந்தது. கடைசிச் சோதனைத் தேதி எழுதப்படவில்லை. தட்டு விழுந்தது. உருண்டு உருண்டு அடங்கியது.

"தேதி எழுதாம விட்டிருக்காங்க" என்றேன்.

"கண்ணுகூடச் சிமிட்டல" என்றார் எச்.ஆர். மேடம். "குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு." இல்ல.

ஃபோர்மேன் திரும்பவும் நின்றார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். திடீரென்று எகிறினார்.

"நான் இன்னும் போடவே இல்லண்ணே!" என்றார் ஸ்டோர் கீப்பர், கையில் தட்டோடு.

"இது கணக்குல வருமா?" என்றார் மேனேஜர்.

"வரும் சார்" என்றேன். "போடாமலே காட்டுதுன்னா நல்ல ரீடிங்தான்."

இருக்கு, இல்ல, இருக்கு. மூன்றும் சரி. நான் செத்த லைன் என்பது முறைப்படி நிரூபணமானது. சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். இனி காலையில் எங்கே போவது என்ற ஒரே யோசனை இருந்தது.

மேனேஜர் வாங்கவில்லை. ஃபோர்மேன் நடுவில் கையை நீட்டியிருந்தார்.

"செத்த லைனை என்ன பண்ணுவோம் சார்? அப்படியே விட்டுட்டு வந்துடுவோமா?"

"எர்த் போடுவோம்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

அது உண்மை. செத்த லைனையும் சும்மா விடுவதில்லை. பக்கத்து லைனிலிருந்தோ வேறெங்கிருந்தோ எதிர்பாராமல் மின்சாரம் ஏறலாம். அதனால் தடித்த கேபிளால் அதை மண்ணோடு கட்டிவிடுவோம். அதற்குத்தான் எர்த் என்று பெயர். அப்புறம் எது வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும்.

"அதை எழுதச் சொல்லுங்க" என்றார் ஃபோர்மேன். "நான்தான் எர்த்து. இவரு பேனல் ரூம்ல இருக்கிற வரைக்கும் கை எட்டுற தூரத்துல நான் இருப்பேன். வீட்டுலயும் இருப்பேன்."

"வீடு நம்ம எல்லைக்குள்ள வராதே" என்றார் மேனேஜர்.

"பாதி எர்த்துன்னு ஒண்ணு கிடையாது சார்."

"உங்க வீட்டம்மா என்ன சொல்வாங்க?" என்றார் மேடம்.

"கேட்டுட்டுத்தான் வந்தேன். தலகாணி, போர்வை எல்லாம் பையில போட்டுக் குடுத்துட்டா. செக்யூரிட்டி ரூம்ல இருக்கு."

மேடம் அவரையே பார்த்தார். "அப்போ நீங்க புகார் குடுத்ததே..."

"பயலுங்க கையுறை போடாதது நிஜம் மேடம். ஆனா நான் சும்மா வரேன்னா இவன் டீயைக் குடுத்து அனுப்பிடுறான். விதின்னு எழுதிக் குடுத்தா தட்ட மாட்டான். கல்லுளிமங்கனா இருந்தாலும் விதிக்குக் கட்டுப்பட்டவன்."

நான் எழுதினேன். 'நபருடன் எப்போதும் ஒரு எர்த் இருக்க வேண்டும்.' வாய்ப்பு மூன்றாகக் குறைந்தது. பதினைந்து. அட்டை என்னிடமே இருந்தது, நிபந்தனையோடு.

*

அன்று சாயங்காலம் மச்சான் பையோடு வந்து, வாசலில் ஐந்தாவது சுவிட்சைப் போட்டார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"இது எதுக்கு மாப்ள?"

"தெரியல."

"கரண்டு படிச்சவன்தானே நீ?" என்று கேட்டுவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். அவளிடமிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து அவளுக்குப் போனதா என்று தெரியவில்லை. குரல்கூட ஒரே மாதிரி. சுவிட்சை அணைக்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை பேனல் அறை. மச்சான் என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். வயர்மேன்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"ஃபோர்மேன் சார், வண்டி டிக்கெட்டு எங்க குடுப்பாங்க?" என்றான் ஒருவன்.

"உன் சம்பளத்துல பிடிச்சுக்குறேன், ஏறு" என்றார் மச்சான்.

முதல் பேனல், இரண்டாவது, மூன்றாவது. நான் பார்த்துக் குறித்துக்கொண்டே போனேன். நான்காவது பேனலின் கதவு திறந்திருந்தது. திறந்திருக்கக் கூடாது. ஏன் என்று கேட்கத் திரும்பினேன். இடுப்புப் பட்டையில் பிடி இல்லை. மச்சான் பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடியே, கையை உள்ளே நீட்டி, பஸ்பாரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மின்சாரம் பிடித்தவனைக் கையால் தொடக் கூடாது. சுவரில் மரக்கொக்கி தொங்குகிறது. அதால்தான் இழுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இதை நான்தான் பாடம் எடுக்கிறேன். நான் கொக்கியின் பக்கமே பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ரப்பர் பாயில் விழுந்தோம். அவர் மேல் நான். அவர் நெஞ்சில் என் உள்ளங்கை. உள்ளே குதித்துக்கொண்டிருந்தது. என் கையும் குதித்தது.

மச்சான் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஆட்டினார்.

"என் பூட்டு வெளிய தொங்குது மாப்ள. காலையில நீ பல்லு வெளக்கும்போதே வந்து நிறுத்திப் பூட்டிட்டேன். சும்மா. உன்னைச் சோதிச்சுப் பார்த்தேன். இருக்குடா. உனக்கு இருக்கு. எப்படிக் கத்தின!"

நான் மூச்சு வாங்கினேன். "டெஸ்ட் பண்ணீங்களா?"

"பூட்டிட்டேனே."

"பூட்டினீங்க. டெஸ்டரை வெச்சுப் பார்த்தீங்களா?"

சிரிப்பு நின்றது. அவர் சாவியைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார். இந்த வேலையில் முடி நரைத்த ஆள். என்னைப் பயமுறுத்தும் அவசரத்தில் டெஸ்டரை மறந்திருந்தார். தப்பான மெயினைப் பூட்டியிருந்தால் என்று அவர் யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ரப்பர் பாயிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

"பாரு மாப்ள" என்றார் சின்னக் குரலில். "நீயே வெச்சுப் பாரு."

கையுறை போட்டுக்கொண்டேன். விரல்கள் சரியான இடத்தில் நுழைய நேரம் பிடித்தது. மூன்றாவது பேனலில் வைத்தேன். இருக்கு. நான்காவதில் வைத்தேன். கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தேன். இல்ல. திரும்ப மூன்றாவதில். இருக்கு.

"இல்ல மச்சான். செத்ததுதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். கையுறையோடு. அதுவும் விதிமீறல். வாசலில் வயர்மேன்கள் கூட்டமாக நின்றார்கள். அத்தனை பேர் கையிலும் கையுறை இருந்தது.

நான் படிவத்தை எடுத்தேன்.

"என்ன எழுதுற?"

"அனுமதி இல்லாம நிறுத்தினது. டெஸ்ட் பண்ணாம தொட்டது. உள்ளங்கையால தொட்டது. சேதம் அஞ்சு. வாய்ப்பு நாலு."

"மாப்ள!"

"இருபது. அட்டையைக் குடுங்க."

"நான் உன் எர்த்துடா!"

"அதுக்கு ஒண்ணும் தடையில்ல. அட்டை இல்லாம பேனல் ரூமுக்குள்ள வரக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். "என் தங்கச்சி அப்பவே சொன்னா" என்றார். "இவரு என்னைக் கட்டிக்கிட்டதே படிவம் நிரப்பித்தான்னு."

நான் சிரித்தேனாம். ஒரு வயர்மேன் சொன்னான்.

குழு மறுபடியும் மெத்தைகளில் கூடியது. என் வாய்ப்பை இரண்டாகக் குறைத்தார்கள். ஆதாரம் என்ன என்று நான்தான் கேட்டேன். நீங்கள் கத்தியது கணக்குப் பிரிவு வரை கேட்டது என்று மேனேஜர் எழுதச் சொன்னார். பத்து மதிப்பெண். அட்டைக்கு இனி ஆபத்தில்லை. ஆனால் எர்த் போட வேண்டும் என்ற விதி எழுதியாயிற்று. எழுதியதை எடுக்க இன்னொரு கூட்டம் வேண்டும். மேனேஜர் இன்னொரு முறை மெத்தையில் உட்காரத் தயாரில்லை.

அதனால் இப்போது ஏற்பாடு இப்படி. நான் பேனல் அறைக்குள் இருப்பேன். அட்டை திரும்பக் கிடைக்கும்வரை மச்சான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கை எட்டாது. அதனால் குரல். அடிக்கடி கூப்பிட வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். கதவு கனமான இரும்புக் கதவு. குரல் அதைத் தாண்டிப் போகிறதா என்பதே சந்தேகம். அதனால் அவர் முறைப்படி முதலில் உள்ளே சாமான் எண்ணிக்கொண்டிருக்கும் ஸ்டோர் கீப்பரைக் கூப்பிடுவார்.

"ஸ்டோரு!"

"இருக்கேன்."

"மாப்ள!"

"இருக்கேன் மச்சான்."

"ஸ்டோரு!"

"யோவ், இருக்கேன்யா! காலையிலேர்ந்து எத்தனை தடவைய்யா ஒரு மனுஷன் இருக்கிறது!"